கூடாரத்தில் விறகடுப்பு

பெரட்டு மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, காய்ந்த ரப்பர் விறகை அடுக்கி, ஊதுகுழலால் ஊதி, கண் எரிய எரியச் சமைத்து முடித்த தாய்மார்களின் மக்கள் நாம். அடுப்பைப் பற்றி நமக்கு யார் வந்து என்ன சொல்லிக் கொடுப்பது என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு இருப்பது இயல்பே. ஆயினும், அந்த அனுபவமே இன்று ஒரு புதிய இடத்தில் நம்மை ஏமாற்றிவிடக் கூடும். அந்த இடம் கூடாரம்.

சில ஆண்டுகளாக நம் நாட்டில் கூடாரமடித்துத் தங்கும் பழக்கம் பெருகி வருகின்றது. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டப்புற இளைஞர்களும், குழந்தை குட்டிகளுடன் குடும்பங்களும் அருவிக்கரைகளுக்கும் கேமரன் மலைக்கும் புறப்பட்டு விடுகின்றனர். நல்ல பழக்கமே, நகரத்து அங்காடிகளைச் சுற்றி வருவதைவிட எவ்வளவோ மேல். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் பத்தாங் காலியில் முகாம் தளம் ஒன்றின்மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்த துயரத்திற்குப் பிறகு, எங்கே கூடாரம் அடிப்பது என்பதில் மக்கள் ஓரளவு விழிப்படைந்துள்ளனர். கூடாரத்துக்குள் எதைக் கொண்டு செல்வது என்பதிலும் அந்த விழிப்பு வேண்டும்.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரவில் அங்கே வெப்பம் 15, 16 பாகை செல்சியசுக்கு இறங்கிவிடும். 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் பிரிஞ்சாங் மலையில் குளிர் இன்னும் மிகுதி. சமவெளியின் புழுக்கத்தில் பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பழகிய உடம்புக்கு அது கடுங்குளிர்தான். மாலையில் மழை பிடித்துக் கொள்கின்றது. எல்லாரும் கூடாரத்துக்குள் ஒடுங்குகின்றனர். கோழி வாட்டிய கரியடுப்பில் தணல் இன்னும் மீதியிருக்கின்றது. “புகைதான் இல்லையே, உள்ளே எடுத்து வா, சற்றுக் குளிர் காயலாம்” என்று யாரோ ஒருவர் சொல்கின்றார்.

அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ள பிழையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகை வேறு, நஞ்சு வேறு

விறகு எரிவது ஒரே செயல் போலத் தோன்றினும், அதில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதலில் விறகிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறுகின்றது. அடுத்து, சூட்டினால் விறகு சிதைந்து எரிவாயுக்களை விடுகின்றது; அவையே மஞ்சள் சுடராக எரிகின்றன. அவற்றுள் எரியாமல் தப்பியவை புகையாகின்றன. இறுதியில் எஞ்சுவது கரி. அது சுடரின்றிக் கனன்று தணலாகின்றது. தணலில் புகை இல்லாததற்குக் காரணம், புகையாக வெளியேறக் கூடியவை அனைத்தும் முன்னமே வெளியேறிவிட்டன என்பதுதான். தணல் தூய்மையானது என்பது அதற்குப் பொருளன்று.

கரிக்குப் போதிய காற்றுக் கிடைத்தால் அது முழுமையாக எரிந்து கார்பன் டைஆக்சைடாக மாறும். ஆனால், தணற்குவியலின் அடியில் உண்டாகும் அந்த வாயு, மேலேயுள்ள செந்தணலினூடே ஏறி வருகையில், அக்கரியிலிருந்து மேலும் கார்பனைப் பெற்றுக் கார்பன் மோனாக்சைடு என்னும் வேறொரு வாயுவாகி விடுகின்றது. நன்கு கனன்ற தணலின்மீது மெல்லிய நீலச் சுடர் ஆடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடு எரிகின்ற சுடர் அது. அந்நீலச் சுடர் ஆடும்வரை நச்சுவாயுவின் ஒரு பகுதியாவது அங்கேயே எரிந்து தீர்கின்றது. தணல் சற்று ஆறி, சுடர் மறைந்து, மேலே வெண்சாம்பல் பூத்துவிட்ட பின்னர், அவ்வாயு எரியாமல் அப்படியே வெளியே வருகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை; கண்ணும் எரியாது, இருமலும் வராது. புகை நம்மைத் துன்புறுத்தி வெளியே விரட்டுகின்றது. அவ்வகையில் அது நமக்கு எச்சரிக்கை செய்கின்றது என்றுகூடச் சொல்லலாம். இவ்வாயுவோ நம்மைத் தூங்க விடுகின்றது.

நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருளே நுரையீரலிலிருந்து பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்கின்றது. அதன்மீது கார்பன் மோனாக்சைடுக்கு உள்ள பற்று, பிராணவாயுவுக்கு உள்ளதைப்போல் இருநூறு மடங்குக்கும் மேற்பட்டது. சுமைவண்டியில் அந்நியன் ஏறி அமர்ந்துகொண்டு இறங்க மறுப்பதைப் போன்ற நிலை அது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். சரக்கு மட்டும் போய்ச் சேராது. இவ்வுண்மையைப் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் 1850-களில் விளக்கினார்.

அளவைப் பற்றியும் அறிந்து கொள்ளுதல் நன்று. பத்து லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். 1,600 பங்கு இருந்தாலோ, இருபது நிமிடத்தில் தலைவலியும் குமட்டலும் தோன்றி, ஒரு மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து நேரும். 1,600 பங்கு என்பது பெரிதாகத் தோன்றலாம். அது நூற்றில் ஒரு பங்கில்கூட ஆறில் ஒன்றுக்கு மேற்படாது.

“லயன் வீட்டில் மழைக்காலத்தில் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தோமே, பிள்ளைக்குச் சாம்பிராணி போட்டோமே, எங்களுக்கு ஒன்றும் நேரவில்லையே” என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழைய லயன்களில் வீட்டுக்கு வீடு இருந்த தடுப்புச் சுவர், பெரும்பாலும் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வரிசையே தும்மும். பலகையின் இடுக்கிலும், தகரக் கூரையின் நெளிவிலும் காற்று இரவெல்லாம் வந்து போய்க் கொண்டிருந்தது. அண்டை வீட்டுப் பேச்செல்லாம் கேட்கின்றதே என்று நாம் குறைப்பட்டுக் கொண்ட அந்த இடைவெளியே நம்மைக் காத்தது. தணல் அன்றும் நஞ்சைத்தான் விட்டது. வீடு அதை வெளியே விட்டுவிட்டது.

இன்றைய இலேசான கூடாரம் அப்படிப்பட்டதன்று. மழைநீர் புகாதிருக்க நைலான் அல்லது பாலியெஸ்டர் துணிக்கு மெழுகு போன்ற பூச்சு இட்டிருப்பர். தண்ணீரை விடாத அத்துணி காற்றையும் விடாது. பருத்திக் கித்தான் கூடாரமேயாயினும், மழையில் நனைந்ததும் நூல் பருத்துத் துளைகள் அடைபட்டுப் போகும். இருவர் படுக்கும் சிறு கூடாரத்தினுள் அடங்கும் காற்று இரண்டு மூன்று கன மீட்டர் அளவே. ஒரு சிறிய அறையிலுள்ள காற்றில் அது பத்தில் ஒரு பங்குதான். தரையோடு தாழப் படுத்துக் கொண்டால் தப்பிவிடலாம் என்றெண்ணுவதும் வீண். கார்பன் மோனாக்சைடின் எடை ஏறத்தாழக் காற்றின் எடையே ஆகும். மேலும் கீழும் எங்கும் அது ஒன்றுபோலக் கலந்து நிற்கும்.

பனியில் புதைந்த ஒரு வீடு

இந்த ஆபத்து புதிதன்று. 1596-ஆம் ஆண்டில் வில்லெம் பாரென்ட்ஸ் என்னும் டச்சு மாலுமியும் அவருடைய குழுவினரும் வடகடல் வழியாகக் கீழ்த்திசை நாடுகளுக்குப் பாதை தேடிச் சென்றபோது, ரஷ்யாவின் வடக்கேயுள்ள நோவாயா செம்லியா தீவருகே கப்பல் பனிக்கட்டியில் இறுகிக் கொண்டது. கரையில் ஒதுங்கிய மரங்களையும் கப்பற்பலகைகளையும் கொண்டு அவர்கள் ஒரு குடிசை கட்டி அதில் குளிர்காலத்தைக் கழித்தனர். டிசம்பர் 7-ஆம் நாள் குளிர் தாங்க முடியாமற் போகவே, கப்பலிலிருந்து நிலக்கரியைக் கொண்டு வந்து எரித்தனர். இதமான சூடு பரவியது. அந்தச் சூடு வீணாகாதிருக்க வேண்டுமென்று கதவையும் புகைபோக்கியையும் நன்றாக அடைத்துவிட்டு, மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டே படுத்தனர்.

சிறிது நேரத்தில் எல்லாருக்கும் தலை சுற்றத் தொடங்கியது. முன்பே உடல் நலமின்றி இருந்த ஒருவரே முதலில் அதை உணர்ந்து முறையிட்டார். எழக்கூடிய வலிமை மிஞ்சியிருந்தவர்கள் தட்டுத் தடுமாறிச் சென்று புகைபோக்கியையும் கதவையும் திறந்தனர். கதவைத் திறந்தவர் வெளிப் பனியில் மயங்கி வீழ்ந்தார். உள்ளே வந்த கடுங்குளிர்க் காற்றே, அதுவரை அவர்கள் பகையாக எண்ணியிருந்த அந்தக் குளிரே, அவர்களைப் பிழைக்க வைத்தது. குழுவிலிருந்த கெரிட் டி வேர் இதனைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்து, 1598-இல் அது நூலாகவும் வெளிவந்தது. அவர்களைத் தாக்கிய வாயு இன்னதென்று அறிவியலார் இனங்கண்டு கொள்வதற்கு அதன்பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

கேமரன் மலையில் மழையிரவில் கூடாரத்தின் சிப்பை முழுவதும் இழுத்து மூடிக்கொண்டு தணலருகே அமர்பவர் செய்வதும், அந்த மாலுமிகள் செய்ததும் ஒன்றே.

புகைக்கூடம் கற்பித்த பாடம்

ஆயினும், கூடாரத்துக்குள் நெருப்பே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. மங்கோலியப் புல்வெளி மக்கள் ‘கெர்’ எனப்படும் வட்டக் கூடாரத்தின் நடுவே அடுப்பெரித்தே கடுங்குளிரைக் கடக்கின்றனர். அக்கூடாரத்தின் உச்சியில் வட்டத் திறப்பொன்று உண்டு. அடுப்பின் குழாய் அதன் வழியே வெளியேறும். வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினரின் கூம்புக் கூடாரத்தில் உச்சித் திறப்புக்கு இரண்டு மடல்கள் வைத்து, காற்றின் திசைக்கேற்ப நீண்ட கழிகளால் அவற்றைத் திருப்பினர். அந்த அமைப்பைத் தழுவி ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி என்னும் அமெரிக்கப் படை அதிகாரி 1856-இல் ஒரு படைக்கூடாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தகரத்தாலான கூம்பு அடுப்பு ஒன்றும் அவர் பெயரால் வழங்கலாயிற்று. இன்று டைட்டானியத் தகட்டால் செய்த மடிப்பு அடுப்புகள் ஒரு கிலோ எடைக்குள் கிடைக்கின்றன. அவற்றின் புகைக்குழாய், பாய்போலச் சுருட்டி முதுகுப் பையில் வைத்துக் கொள்ளத் தக்கது. இணைய அங்காடிகளின் வழியே இத்தகைய அடுப்புகள் நம் நாட்டுக்கும் வந்து சேர்கின்றன.

இவை அனைத்துக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: கீழே காற்று உள்ளே வர ஒரு வழி, மேலே அது வெளியேற ஒரு வழி. இதை நாம் வேற்று நாட்டாரிடம் கற்க வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்துப் புகைக்கூடத்தை அறிந்தவர்களுக்கு இது தெரிந்த பாடம். ரப்பர்த் தகடுகளை ஏறத்தாழ 40 முதல் 60 பாகை செல்சியஸ் சூட்டில் சில நாள்கள் தொங்கவிட்டு உலர்த்தும் அக்கூடத்தில், கீழிருந்து சூடும் புகையும் ஏற, மேலே கூரையிலுள்ள திறப்புகள் ஈரக்காற்றை வெளியேற்றும். அத்திறப்பை எப்போது எவ்வளவு திறப்பது, எப்போது சாத்துவது என்பதறிந்து நடப்பதே புகைக்கூடத் தொழிலாளியின் திறமை. மேலே அடைத்துவிட்டால் கீழே நெருப்பு சோர்ந்து புகையைக் கக்கும். கீழே அடைத்தாலும் அதுவே நிகழும். சூடான காற்று இலேசாகி மேலேறுகின்றது. அது விட்டுச்செல்லும் இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக்காற்று வருகின்றது. இந்த இழுப்பு நிற்காமல் நடந்து கொண்டிருக்கும்வரை நஞ்சு உள்ளே தங்காது.

இழுப்பு எப்போது நிற்கும்? குழாய் குளிர்ந்தால் நிற்கும். அடுப்பு கொழுந்துவிட்டு எரியும்போது குழாயும் கொதித்துக்கொண்டு இருக்கும். வாயுவெல்லாம் விரைந்து மேலே போய்விடும். விறகு தீர்ந்து தணல் மட்டும் மிஞ்சும் வேளையில் குழாய் ஆறத் தொடங்குகின்றது, இழுப்புத் தளர்கின்றது. தணல் கார்பன் மோனாக்சைடை மிகுதியாக விடுவதும் அதே வேளையில்தான். எல்லாரும் அயர்ந்து உறங்கும் பின்னிரவு இரண்டு மூன்று மணியும் அதுவேதான். வெளியே ஒரு காற்று திரும்பி அடித்தால் போதும். குழாயின் வழியே மேலே போக வேண்டியது கீழே திரும்பிவிடும். ஆகவே, கூடார அடுப்பில் அஞ்ச வேண்டிய நேரம் அது சடசடவென்று எரியும் நேரமன்று. அமைதியாக அணைந்து வரும் நேரம்.

அமைக்கும் முறை

புகைக்குழாய்க்கெனத் துளை வைத்துத் தைக்கப்படாத கூடாரத்தில் எந்த அடுப்பையும் வைத்தல் கூடாது. நம்மூர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கூடாரங்களில் பெரும்பாலானவை இவ்வகையே. நைலான் 220 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும். பாலியெஸ்டர் 250 பாகையைத் தாண்டினால் உருகும். எரியும் அடுப்பின் குழாயோ 300 பாகைக்கு மேலும் சூடேறும். கத்தரியால் ஓட்டையிட்டுக் குழாயை நுழைத்துக் கொள்ளலாம் என்று நினைப்போர்க்கு இந்த எண்களே விடை. குழாய் துணியைக் கடக்கும் இடத்தில், சூடு தாங்கும் கண்ணாடி நார்த் துணி வளையமாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். தரைத்துணி உடன் தைக்கப்பட்ட கூடாரமும் அடுப்புக்கு ஏற்றதன்று. தரையற்ற கூம்பு வகையே ஏற்றது. அதன் கீழ்விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே கைகொள்ளும் இடைவெளி எப்போதும் இருக்குமாறு கட்ட வேண்டும். மழைச்சாரல் அடிக்கின்றதென்று அதை மண்ணிட்டு மூடிவிடுவது, புகைக்கூடத்தின் கீழ்த்திறப்பை அடைப்பதற்கு ஒப்பாகும்.

வீட்டு விறகடுப்புக்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே மூன்றடி தூரம் வேண்டுமென்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவு. சிறு கூடாரத்தில் அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. இடமில்லை என்பது அடுப்பை நெருக்கி வைப்பதற்குக் காரணமாகாது. அடுப்பு வேண்டாம் என்பதற்கே காரணமாகும். படுக்கை, பை, ஈரத்துணி ஆகியவற்றை அடுப்பின்மேல் கொடி கட்டி உலர்த்துவதை அறவே தவிர்த்தல் வேண்டும். அடுப்பு வாயிலருகே இருத்தலும் ஆகாது. தீப்பற்றினால் வெளியேறும் வழியிலேயே தீ நிற்கும். கையெட்டும் இடத்தில் ஒரு கத்தியும் ஒரு வாளி நீரும் இருக்கட்டும். சிப் சிக்கிக் கொண்டால் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியேறக் கத்தி உதவும்.

குழாயின் பொருத்துகள் ஒவ்வொன்றையும் மூட்டுவதற்கு முன் அசைத்துப் பார்க்க வேண்டும். 1934-ஆம் ஆண்டின் தென்துருவக் குளிர்காலத்தில், அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பெர்ட் பனிக்குள் புதைந்த ஒரு சிறு குடிலில் தன்னந்தனியாக வானிலையைக் கணித்து வந்தார். அடுப்புக் குழாயின் சரியாகப் பொருந்தாத இணைப்புகளாலும், மின்னாக்கியின் புகையாலும் அவர் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக நஞ்சேறி நலிந்தார். கம்பியில்லாத் தந்தியில் அவர் அனுப்பிய செய்திகள் தடுமாறுவதைக் கண்டு ஐயுற்ற தோழர்கள், ஆகஸ்டு மாதத்தில் வந்து அவரைக் காப்பாற்றினர். அத்தனை ஆயத்தங்களுடன் சென்றவருக்கே அந்நிலை.

குழாய், கூடாரத்தின் உச்சியைவிட உயர்ந்து நிற்க வேண்டும். அதன் வாயில் தீப்பொறி தடுக்கும் கம்பிவலை வேண்டும்; புகைப்பிசின் படிந்து அவ்வலை அடைபடும் என்பதால் அடிக்கடி தட்டித் துடைக்கவும் வேண்டும். நாகப்பூச்சிட்ட தகரக் குழாய் மலிவானதுதான். மிகச் சூடேறினால் அப்பூச்சு நச்சாவியாகும். துருப்பிடிக்காத எஃகே நல்லது.

விறகைப் பொறுத்தவரை நாம் பேறு பெற்றவர்கள். பிளந்து, மழை படாமல் ஓராண்டு காய்ந்த ரப்பர் விறகைப் போல் சீராக எரிவது அரிது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மழுங்கிய ஓசை வந்தால் ஈரம் இன்னும் இருக்கின்றது என்று பொருள். ஈர விறகு குழாயைக் குளிரச் செய்து, பிசினையும் படியவிடும். பச்சை மூங்கிலைக் கணுவோடு இட்டால் வெடிக்கும். சாயம் பூசிய பலகை, பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பழைய மரம் ஆகியவற்றை எரித்தலாகாது. அவற்றின் புகையே தனி நஞ்சு. ஆற்றங்கரைக் கற்களை அடுப்புக் கல்லாக வைப்பதும் தவறு. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றி மூட்டுவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? குளிர்ந்த குழாயில் முதலில் இழுப்பு இராது என்பதால், ஒரு தாளைக் கொளுத்திக் குழாயின் அடிவாயில் சற்று நேரம் எரியவிட்டுப் பிறகு விறகை மூட்டினால் புகை உள்ளே திரும்பாது.

காப்புக்காட்டினுள் செல்வதற்கு வனத்துறையின் அனுமதி தேவை என்பதையும், தீ மூட்டலாமா என்பதை அங்கேயே கேட்டறிய வேண்டும் என்பதையும் இளைஞர்கள் மறத்தலாகாது.

உறங்குவதற்கு முன்

எரியும் அடுப்பருகே எவரும் விழித்திராமல் அனைவரும் உறங்கிவிடுதல் கூடாது. இது குளிர்நாட்டார்க்கும் உரிய விதி. நமக்கோ இன்னும் எளிய வழி உண்டு. கேமரன் மலையின் 15 பாகை, உயிரைப் பறிக்கும் குளிரன்று. உடம்பின் சூட்டை மிகுதியாக உறிஞ்சுவது காற்றைவிட ஈரத்தரையே. தடித்த பாயொன்றைக் கீழே விரித்து, நனைந்த ஆடையை மாற்றி, உலர்ந்த காலுறையும் தலைக்குத் துணியும் அணிந்து, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக் கொண்டால், விடியும்வரை எந்த அடுப்பும் தேவைப்படாது. என்னைக் கேட்டால், நம் நாட்டில் கூடார அடுப்பு சமையலுக்கும் மாலைநேரத்துக்கும் உரியது, உறக்கத்துக்கு உரியதன்று.

உறங்குமுன் அடுப்பை அணைப்பது என்பது காற்றுத் திறப்பைச் சாத்திவிடுவது அன்று. அவ்வாறு செய்தால் தணல் மூச்சு முட்டி, முன்னிலும் மிகுதியாக நஞ்சைவிடும். விறகு இடுவதை முன்கூட்டியே நிறுத்தி, மிஞ்சிய தணலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோய்த் தொலைவில் வைத்துவிட வேண்டும். குழாயில்லாத கரியடுப்பு, கோழி வாட்டும் அடுப்பு, எரிவாயு அடுப்பு, பெட்ரோலில் ஓடும் மின்னாக்கி ஆகியவற்றுக்கோ கூடாரத்தின் முன்றில்கூட உரிய இடமன்று.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் இவ்வாயுவைக் கண்டறியக் கூண்டில் கானரிக் குருவிகளைக் கொண்டு செல்லும் வழக்கம் 1986 வரை நீடித்தது. மனிதருக்கு முன் அச்சிறு குருவி தளர்ந்து விழும். இன்று அந்தக் குருவியின் வேலையை மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு கருவி செய்கின்றது. கார்பன் மோனாக்சைடு அறிவிப்புக் கருவி என்று கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக் கூரையில் பொருத்தும் புகை அறிவிப்புக் கருவி இதற்குப் பயன்படாது. ஐரோப்பியத் தரத்தின்படி அமைந்த கருவி, பத்து லட்சத்தில் 300 பங்கு என்ற அளவு வந்தவுடன் மூன்று நிமிடத்துக்குள் அலறும். 50 பங்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்திருந்து அலறும். அதன் உணர்வி சில ஆண்டுகளில் செயலற்றுப் போகும் என்பதால், பின்புறம் பொறித்துள்ள காலக்கெடுவைப் பார்த்துக் கொள்ளுதல் வேண்டும். கருவி இருக்கின்றதே என்று தணலை உள்ளே வைக்கத் துணிவது, குடை இருக்கின்றதென்று ஆற்றில் இறங்குவதற்கு நிகர்.

தலைவலி வந்தால்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் ஓய்ந்து போதல் ஆகியவை முதல் அறிகுறிகள். பயணக் களைப்பு என்றும், பித்தம் என்றும், இரவு உண்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றும் இவற்றைத் தள்ளிவிட மனம் துணியும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே கூடாரத்தில் இருவர் மூவருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே வந்ததும் அது குறைந்தால், அது பித்தமன்று. நஞ்சு ஏற ஏற அறிவும் மங்குவதால், “எழுந்து வெளியே போக வேண்டும்” என்று தெரிந்தும் எழ முடியாத நிலை வந்துவிடும். ஆதலால், முதல் ஐயத்திலேயே சிப்பைத் திறந்து அனைவரும் வெளியேறிவிட வேண்டும். காரணத்தை மழையில் நின்றுகொண்டு ஆராயலாம்.

மயங்கியவரை மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து வெளியே இழுத்து வந்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 999-ஐ அழைக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும். காப்பி கொடுப்பது, வெங்காயத்தை முகரச் செய்வது, தைலம் தேய்ப்பது ஆகியவற்றால் பயனில்லை, நேரந்தான் வீணாகும். தெளிந்துவிட்டவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முறை. சாதாரணக் காற்றில் குருதியிலுள்ள நஞ்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். தூய பிராணவாயு கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். சிலருக்கு நாள்கள் பல சென்ற பின்னரும் மறதியும் தடுமாற்றமும் தோன்றுவதுண்டு. கருவுற்ற பெண்ணாயின், தாய் நலமாகத் தோன்றினும் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்திருக்கலாம்.

கோவிட் பரவிய காலத்தில் விரலில் மாட்டிப் பிராணவாயு அளவைப் பார்க்கும் சிறு கருவியைப் பலர் வாங்கி வைத்துள்ளனர். இந்நஞ்சு ஏறியவரிடம் அக்கருவி பொய் சொல்லும். நஞ்சேறிய ஹீமோகுளோபினையும் பிராணவாயு ஏறியதென்றே அது கணக்கிடுவதால், மயக்கநிலையில் இருப்பவருக்கும் 97, 98 என்று காட்டக் கூடும். அந்த எண்ணைப் பார்த்து ஆறுதலடைந்து வீட்டிலேயே படுக்க வைத்துவிடக் கூடாது.

உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்கக் கூடாது. ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் கிச்சாப்பும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

புறப்படும் காலையில்

முகாமைக் கலைக்கும்போது சாம்பலை நம்பிவிடக் கூடாது. மேலே வெண்மையாகக் குளிர்ந்து கிடக்கும் சாம்பலின் அடியில் தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதை நெகிழிப் பையிலோ அட்டைப் பெட்டியிலோ அள்ளி வண்டியில் வைத்துக் கொண்டால், அடைத்த வண்டிக்குள் மீண்டும் அதே நச்சுவாயுதான். தங்கிய இடம் கரிச்சதுப்பு மண்ணாக இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். காய்ந்த வேளையில் அம்மண்ணே எரியும். தீ கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில் ஊர்ந்து சென்று, பல நாள் கழித்து வேறோரிடத்தில் தலைகாட்டும். அத்தகைய நிலத்தில் தீயே மூட்டாதிருப்பது நன்று.

மற்ற இடங்களில், சாம்பலின்மீது நீரூற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் நீரூற்ற வேண்டும். அதன்பின் புறங்கையை அருகே கொண்டுசென்று பார்க்க வேண்டும். இளஞ்சூடு தெரிந்தாலும் இன்னொரு வாளி நீர் ஊற்றிக் கிளறிவிட்டு, அது ஆறிய பின்னரே வண்டியில் ஏற வேண்டும்.